பால்கனியில் ஒரு டிரம்

என் கணவர் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் செய்த முதல் வேலை, எங்கள் வாஷிங் மெஷினைக் கண்டித்ததுதான்.

"இன்னா லோடு இது? துணி ஜாஸ்தி, தண்ணி கம்மி. இப்படிப் போட்டா எப்படி ஊறும்?" என்றார்.

அவர் ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் டிரம் பிரிவின் மேற்பார்வையாளராக இருந்தவர். டிரம் என்றால் ஆளைவிட உயரமான மரப் பீப்பாய். பச்சைத் தோலையும் தண்ணீரையும் மருந்தையும் உள்ளே போட்டு நாள்கணக்கில் சுற்றவிடுவார்கள். வாலிபத்தில் நுழைந்த ஒருவர் தலை நரைத்து வெளியே வரும்வரை சுற்றுகிற பொருளைப் பார்த்துக்கொண்டே இருந்தால், அதன் பிறகு அசையாமல் இருக்கும் எதுவும் அவர் கண்ணில் படாது போலிருக்கிறது. வாஷிங் மெஷினுக்கு அடுத்து கிரைண்டர் அவருடைய ஆளுகைக்கு வந்தது. இட்லி மாவை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, "இன்னும் ஓடணும்" என்று உத்தரவு போட்டார். மிக்சியின் சத்தத்தை வைத்து அதற்கு என்ன நோய் என்று சொன்னார். மின்விசிறியைக்கூட விடவில்லை.

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. எனக்கு ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. நாற்பது பிள்ளைகள் கத்தும் வகுப்பறை எவ்வளவு அமைதியான இடம் என்று அந்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனிடம் போனில் புலம்பினேன். "உங்கப்பாவுக்குக் கையில ஒரு டிரம் இல்லாம பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்குடா. ஒண்ணு வாங்கி அனுப்பு" என்று விளையாட்டாகச் சொன்னேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் எதையும் விளையாட்டாகச் சொல்லக் கூடாது. பார்சல் வந்துவிடும்.

வந்த பார்சலில் இருந்தது கல் மெருகேற்றும் எந்திரம். ஒரு சின்ன மோட்டார், அது ஒரு பெல்ட்டால் சுழற்றும் இரண்டு உருளைகள், உருளைகளின் மேல் படுத்துக்கொண்டு உருளும் நெய் டின் அளவுள்ள ரப்பர் பீப்பாய். அதற்குள் கரடுமுரடான கற்களைப் போட்டு, சாணைத் தூளும் தண்ணீரும் சேர்த்து மூடி, வாரக்கணக்கில் உருளவிட வேண்டும். முதலில் கொரகொரப்பான தூள், அப்புறம் அதைவிட நைசானது, கடைசியில் மாவு மாதிரி பாலிஷ் தூள். ஆறு எத்தனையோ காலமாகச் செய்யும் வேலையை இது ஒரு மாதத்துக்குள் செய்து முடித்துவிடும் என்று மகன் விளக்கினான்.

என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது டிரம்மா? கிலுகிலுப்பை" என்றார்.

கொஞ்ச நாள் தொடவில்லை. பிறகு ஒரு மாலை நான் பள்ளியிலிருந்து வந்தபோது, பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வெறும் பீப்பாயை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து நான் காணாத ஓர் அமைதி. காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "பேரிங் நல்லா இருக்கு" என்றார்.

எந்திரத்தோடு வந்த வழிகாட்டிப் புத்தகத்தை நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கல் பீப்பாயில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். தண்ணீர் கற்களின் தலை தெரியும் அளவுக்குத்தான் விட வேண்டும். நடுவில் அடிக்கடி திறக்கக் கூடாது. வரும் சேற்றை எக்காரணம் கொண்டும் கழிவுநீர்க் குழாயில் ஊற்றக் கூடாது.

"டிரம் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் அரசு ஊழியை. மேலதிகாரிகளுக்கு இரண்டு முறை சொல்லும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

கற்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் பாலாற்றுக்குப் போனோம். நாங்கள் இருக்கும் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஆறு பக்கத்தில்தான். ஆறு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அவர் மணலில் குனிந்து கற்களைப் பொறுக்க, நான் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பைக்கிலிருந்து இறங்கி எங்களிடம் வந்தார். மணல் திருட்டு என்று பிடித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

"பிளாட் பாக்கறீங்களா சார்?" என்றார்.

"இல்ல, கல்லு பொறுக்கறோம்."

"மண்ணு டெஸ்ட்டா? தாராளமாப் பண்ணுங்க. நல்ல கெட்டியான பூமி." அவர் கையை நீட்டி எங்களைச் சுற்றிக் காட்டினார். "இந்தப் பக்கம் பூராவும் நம்மகிட்டதான் இருக்கு."

"இது ஆறுங்க" என்றேன் நான்.

"ஆறு அந்தப் பக்கம் போய்டுச்சும்மா" என்றார் அவர், வீடு மாற்றிக்கொண்டு போன ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல. போன் நம்பர் எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். என் கணவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான். தெற்குப் பார்த்து இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

முதல் லோடு அன்று மாலையே ஏறியது. தோலுக்கு விடுவதுபோலவே தாராளமாகத் தண்ணீர் விட்டார். தண்ணீர் அதிகமானால் கற்கள் ஒன்றோடொன்று உரசாமல் தொப்புத்தொப்பென்று விழும். உரசினால் வரும் சத்தம் தூரத்து மழைபோல இருக்கும். விழுந்தால் வரும் சத்தம், யாரோ மாடிப்படியில் விடாமல் உருண்டு விழுவதுபோல இருக்கும். எங்களுடையது இரண்டாவது வகை.

அதோடு அவர் மணிக்கொரு தரம் எந்திரத்தை நிறுத்தினார். டேனரியில் தோலின் ஓரத்தை வெட்டி, மருந்து எவ்வளவு உள்ளே ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்களாம். கல்லை வெட்ட முடியாததால், எடுத்துக் கழுவி, திருப்பிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"கல்லை எதுக்கு மோந்து பாக்கறீங்க?"

"பழக்கம்" என்றார்.

கீழ்வீட்டு பாபி மேலே ஏறி வந்தார். பாபி என்றால் அண்ணி; குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் பாபிதான். வாணியம்பாடியிலிருந்து வாழ வந்தவர். உருதுவில் யோசித்துத் தமிழில் பேசுவார். அவர் கணவர் ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்ல இன்னா நடக்குது? எங்க வீட்டு ஃபேன்தான் கழண்டு விழப்போவுதுன்னு அவரு கட்டில தள்ளித் தள்ளிப் போடறாரு. பேஜாரா இருக்கு."

பால்கனிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். உருளும் பீப்பாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உள்ள இன்னா?"

"கல்லு."

"வெளிய வந்தா?"

"கல்லுதான். பளபளன்னு இருக்கும்."

"அரே, அல்லா" என்று நெற்றியில் கை வைத்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எனக்கு வாய்த்ததைப் பற்றிய இரக்கம்தான் இருந்தது. பீப்பாய்க்கு அடியில் பழைய கோரைப்பாயை நான்காக மடித்துப் போடச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சத்தம் பாதியாகக் குறைந்தது. இந்த யோசனை வழிகாட்டிப் புத்தகத்தில்கூட இல்லை.

ஒரு வாரம் கழித்து முதல் கட்டத்தைத் திறந்தோம். பீப்பாய்க்குள் கற்கள் பாதிக்கும் கீழே குறைந்திருந்தன. மீதி இருந்த இடத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் கூழ். பாலாற்றில் நாங்கள் தேடித்தேடிப் பொறுக்கியதில் முக்கால்வாசி செங்கல் துண்டும் காரைக்கட்டியும். யாரோ வீடு இடித்து ஆற்றில் கொட்டியதை, ஆறு உருட்டி உருண்டையாக்கி வைத்திருந்தது. நாங்கள் அதைக் கொண்டுவந்து, கரண்ட் செலவு செய்து, திரும்பவும் மண்ணாக்கியிருந்தோம்.

அவர் அந்தக் கூழை பால்கனி மூலையில் இருந்த தண்ணீர் போகும் துளையில் ஊற்றினார்.

"குழாயில ஊத்தக் கூடாதுன்னு போட்டிருக்குங்க."

"சாக்கடைக்குத்தானே போவுது" என்றார். கழிவுநீரில் ஒரு சொட்டு தவறினால் அதிகாரிகள் வந்து கம்பெனியையே மூடிவிடுவார்கள் என்று எத்தனையோ முறை வீட்டில் சொல்லிப் பயந்தவர் இவர்தான். வேலையில் இருந்தபோது கழிவுநீர். வீட்டில் அது வெறும் அழுக்குத் தண்ணீர்.

அரைத்த செங்கல்லும் காரையும் சாணைத் தூளும் குழாய்க்குள் போய் ஒரு வளைவில் உட்கார்ந்தன. அங்கே அவை சிமெண்டாக இறுகின. அடுத்த நாள்களில் பாபி வீட்டுத் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. அதற்குக் கீழே குடியிருப்போர் சங்கத் தலைவர் வீட்டில் தண்ணீர் மேலே ஏறி வந்தது. பாபி வீட்டில் அடைத்திருந்தால் அது அவர்கள் பிரச்சினையாக இருந்திருக்கும். தலைவர் வீட்டில் ஏறியதால் அது பொதுப் பிரச்சினை ஆயிற்று.

பிளம்பர் வந்து குழாயை அறுத்தார். வளைவுக்குள்ளிருந்து ஒரு பொருளைத் தட்டி எடுத்தார். முழங்கை வடிவத்தில், கெட்டியான, இளஞ்சிவப்புக் கல்.

"சார், வீட்ல கொத்து வேலை இன்னா நடக்குது?" என்று கேட்டார்.

ஞாயிறு அன்று வண்டி நிறுத்தும் இடத்தில் சங்கத்தின் அவசரக் கூட்டம். மேசைமேல் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் அந்த முழங்கையைச் சாட்சியாக வைத்திருந்தார்கள். தலைவர் ஒரு காலத்தில் சொந்தமாக டேனரி நடத்தியவர். இப்போது அதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, மரம் நடும் விழாக்களுக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். பொருளாளர் தோலுக்கு ரசாயனம் விற்பவர். செயலாளர் ஷூ கம்பெனியில் மேலாளர். என் மகன் படித்ததும் டிரம் சுற்றிய சம்பளத்தில்தான். அந்தக் கூட்டத்தில் தோலோடு சம்பந்தமில்லாதவை நாங்கள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும்தான்.

"பாலாறு இன்னா ஆச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்" என்று தலைவர் ஆரம்பித்தார். எல்லோரும் தெரியும் என்று வருத்தத்தோடு தலையாட்டினோம். எப்படி ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. "தண்ணிங்கறது நம்ம பேரப் பிள்ளைங்க சொத்து. அதுல ஒரு மனுஷன், தன்னோட பொழுதுபோக்குக்காக, கழிவைக் கலக்கறாருன்னா..." அவர் குரல் தழுதழுத்தது. செயலாளர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

ரசாயன வியாபாரி எழுந்து, "இதுல எந்தெந்தப் பொருள் கலந்திருக்குன்னு ஒரு டெஸ்ட் எடுக்கணும்" என்றார். செயலாளர், இனிமேல் எந்திரம் ஓட வேண்டுமானால் ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போகக் கூடாது, அதற்கு முறையான திட்டம் வேண்டும் என்றார். ஜனநாயகத்தைப் பற்றி வாரம் இரண்டு பாடவேளை நடத்துகிறவள் நான். ஒரு குவளைச் சேற்றுக்காக இவ்வளவு ஒற்றுமையான ஓர் அவையைப் பாடப் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை.

என் கணவர் அவமானத்தில் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பார் என்று திரும்பினேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் வெளிச்சம். ஓய்வு பெற்ற பிறகு முதல் முறையாக அவருக்குப் புரிந்த பாஷையில் அவரிடம் நாலு பேர் பேசியிருக்கிறார்கள்.

"செட்டில்மென்ட் டேங்க் போட்டுடறேன் சார்" என்று எழுந்தார். "மூணு கட்டம். முதல் டேங்க்ல சேறு படியும். மேல் தண்ணிய மட்டும் ரெண்டாவதுக்கு எடுக்கறோம். அங்கிருந்து ஃபில்டர். தண்ணி மறுபடியும் டிரம்முக்கே போய்டும். டிஸ்சார்ஜ் ஜீரோ."

"சேத்தை இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார் தலைவர்.

பிஸ்கட் தட்டுக்குப் போன கைகள் பாதியில் நின்றன. எங்கள் ஊர்ப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இருந்ததில்லை.

"காயவெச்சு, பாதுகாப்பான இடத்துல வைக்கறேன் சார்."

"அதுதான் முறை" என்றார் தலைவர். எல்லோரும் பிஸ்கட் எடுத்துக்கொண்டார்கள்.

பாதுகாப்பான இடம் என்றால் எங்கள் வீட்டுப் பரண். கொலு பொம்மைப் பெட்டிக்கும் பழைய குக்கருக்கும் நடுவில்.

திட்டம் என்பது மூன்று பிளாஸ்டிக் பக்கெட்டும் என் பழைய காட்டன் புடவைத் துணியும். ஆய்வுக்குத் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் வந்தார்கள். நான் வடை போட்டேன். மூவரும் பக்கெட்டுகளைச் சுற்றி நின்று, சேறு படிவதைப் பார்த்துக்கொண்டே வடை தின்றார்கள். தலைவர் மூன்றாவது பக்கெட்டில் விரலை விட்டு, தூக்கிப் பார்த்து, "சுத்தமா இருக்கே" என்றார். அவர் குரலில் இருந்தது பாராட்டா, இவ்வளவு சுலபமா என்ற திகைப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போகும்போது என் கணவரின் தோளில் கை போட்டு, "உங்கள மாதிரி ஒரு ஆளு அப்ப எங்க கம்பெனியில இல்லாமப் போய்ட்டாரே" என்றார். என் கணவர் அதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது லோடு கிரானைட். நெடுஞ்சாலையோரம் சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் கடையில் உடைந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார். இந்த முறை தண்ணீரைக் கற்களின் தலை தெரியும் அளவுக்கே விட்டார். என்னைப் பார்க்காமல்தான் விட்டார். சத்தம் மழைபோல வந்தது. பாபி கீழேயிருந்து, "இப்ப பரவால்ல டீச்சர், தூக்கம் வருது" என்று சொல்லி அனுப்பினார்.

நடுவில் பெல்ட் அறுந்தது. அந்த அளவு ரப்பர் பெல்ட் வேலூரில் எங்கும் கிடைக்கவில்லை. மகன் மறு பார்சல் அனுப்புவதாகச் சொன்னான். அதற்குள் பாபி காலால் மிதிக்கும் தன் பழைய தையல் மெஷினின் தோல் பெல்ட்டைக் கொண்டுவந்து, அளவுக்கு வெட்டி, இரண்டு முனையையும் கம்பிக் கொக்கியால் பிணைத்து மாட்டினார். அது ஓடியது. ஒரு நாள் ஓடியதும் தோல் இழுபட்டுத் தளர்ந்தது. கொஞ்சம் வெட்டிக் குறைத்தார். பிறகு தளரவில்லை. என் கணவர் பெல்ட்டைத் தடவிப் பார்த்து, "வெஜிடபிள் டேனிங். மரப்பட்டைச் சாறுல ஊறின தோலு" என்று நெகிழ்ந்து சொன்னார். பேரனைப் பார்த்தால்கூட அவர் அப்படி நெகிழ்வாரா என்பது சந்தேகம்.

பராமரிப்பு மெல்ல மெல்ல என் கைக்கு வந்ததும் அப்போதுதான். ஏனென்றால் அவருக்கு நேரம் இல்லாமல் போயிற்று. ஆய்வில் அசந்துபோன சங்கம், சுற்றுச்சூழல் குழு என்று ஒன்றை ஏற்படுத்தி அவரை அதற்கு அமைப்பாளர் ஆக்கிவிட்டது. காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கிப் போவார். யார் வீட்டுக் குழாய் சொட்டுகிறது, யார் குப்பையைப் பிரிக்காமல் போடுகிறார்கள் என்று மாடி மாடியாகப் போய்ப் பார்ப்பார். எங்கள் வீட்டுக் குழாய் சொட்டியது. அது அவர் ஆய்வு வரம்புக்குள் வரவில்லை.

உருளையின் இரண்டு முனையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது, அது ரப்பரில் படாமல் துடைப்பது, மூடியின் விளிம்பில் ஒட்டிய தூளைத் துடைத்துவிட்டு மூடுவது, கட்டம் மாறும்போது பீப்பாயையும் கற்களையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுவது எல்லாம் நான். கொரகொரப்புத் தூளில் ஒரு துகள் அடுத்த கட்டத்துக்குத் தப்பிப் போனாலும் பாலிஷ் முழுக்கக் கீறலாகிவிடும். விடைத்தாள் திருத்துவதைவிட இதில் எனக்கு மனம் ஒன்றியது. கல் யாரையும் பார்த்து எழுதுவதில்லை.

ஆனால் கிரானைட் எங்களைக் கைவிட்டது. எல்லாக் கட்டமும் முடிந்து திறந்தபோது, ஒவ்வொரு கல்லிலும் கடினமான இடம் மின்னியது; மென்மையான இடம் பெயர்ந்து குழி குழியாக இருந்தது. வறுத்த புளியங்கொட்டை மாதிரி.

"குழுக் கூட்டம் இருக்கு, அப்புறம் பாக்கலாம்" என்று என் கணவர் இறங்கிப் போய்விட்டார்.

பாலாற்றில் பொறுக்கிய பையின் அடியில் தடித்த பச்சைக் கண்ணாடித் துண்டுகள் சில கிடந்தன. மது பாட்டில்களின் அடிப்பாகம். நான்தான் நிறம் அழகாக இருக்கிறது என்று எடுத்துப் போட்டிருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "டிரம்ல குப்பையைப் போடுவாங்களா?" என்று ஒதுக்கியிருந்தார். அன்று பாபியும் நானும் அதை ஏற்றினோம். இன்னும் கொஞ்சம் துண்டுகளை பாபி தெருமுனையிலிருந்து கையில் பாலித்தீன் உறை மாட்டிக்கொண்டு எடுத்து வந்தார். "எங்க வீட்ல இது வாசப்படி ஏறாது. கழுவுறதுக்கு மட்டும் நான் வர்றேன்" என்றார். கண்ணாடி கண்ணாடியோடு மோதி உடையாமலிருக்க, அவர் கணவர் கொண்டுவந்த ஷூ அடிப்பாக ரப்பரின் வெட்டுத் துண்டுகளை நடுநடுவே போட்டோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் புது ரப்பர்.

கடைசிக் கட்டம் முடிந்து, சோப்புத் தண்ணீரில் ஓடவிட்டு, திறந்து கழுவியபோது பாபியும் நானும் ஆளுக்கொன்றைக் கையில் எடுத்தோம். கூழாங்கல் வடிவத்தில் பச்சை வெளிச்சம். உள்ளங்கையில் வைத்தால் கை ரேகை பச்சையாகத் தெரிந்தது.

"மாஷா அல்லா" என்றார் பாபி. "இதுக்குத்தான் இவ்ளோ சத்தமா?"

ஒரு தட்டில் வரவேற்பறையில் வைத்தேன். பண்டிகைக்கு இனிப்பு கொடுக்க வந்த தலைவரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர், இது பச்சைக் கல்லா?"

"பாட்டில் கண்ணாடிங்க மேடம். உடைஞ்ச பாட்டில்."

அவர் சிரித்தார். "கொடுக்க மனசு இல்லன்னா நேரா சொல்லிடுங்க டீச்சர். பரவால்ல."

"சத்தியமா பாட்டில்தான் மேடம்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி, இரண்டைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அவர்கள் குடும்ப ஜோசியர் அதைப் பார்த்துவிட்டு, புதனுக்கு உகந்தது, வியாபாரத்துக்கு நல்லது, எங்கே கிடைத்தது என்று கேட்டாராம். மூத்த மகன் விரலில் மோதிரமாக ஏறியது. கொஞ்ச நாளில் அந்த மகனுக்கு நின்றுபோயிருந்த ஏற்றுமதி ஆர்டர் ஒன்று திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு அழைப்பு மணி ஓயவில்லை. ஒவ்வொருவரிடமும் பாட்டில் என்றே சொன்னேன். ஒவ்வொருவரும் என்னைத் தன்னடக்கமுள்ள பெண் என்று பாராட்டிவிட்டுத் தன் ராசியைச் சொன்னார்கள். ஒருவருக்குப் பழுப்பு வேண்டும், ஒருவருக்கு வெள்ளை. பொருளாளரின் மனைவி நீலம்தான் வேண்டும் என்று நின்றார். கடைசியில் அலுத்துப்போய், "கல்லு தீர்ந்துடுச்சு. பாட்டில் கொண்டுவந்தா போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். அதோடு வாய் அடைத்துவிடும் என்று நினைத்தேன். ஏனென்றால் எங்கள் குடியிருப்பில் யாரும் குடிப்பதில்லை. அது சங்கத்தின் விதிகளில் ஒன்று. நுழைவாயில் பலகையிலும் எழுதியிருக்கிறது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் கறுப்பு பாலித்தீன் பை. உள்ளே செய்தித்தாளில் சுற்றிய காலி பாட்டில்கள். யார் வைத்தது என்று தெரியவில்லை. அடுத்த நாள் இன்னொரு பை. பிறகு ஒரே காலையில் பல பைகள். பச்சை, பழுப்பு, வெள்ளை, வளைந்தது, சதுரமானது, வெளிநாட்டு எழுத்து பொறித்தது. நான் பள்ளிக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் ஆண்கள் எதிரே வந்தால், "குட் மார்னிங் டீச்சர்" என்று சொல்லி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். என் கணவர், சுற்றுச்சூழல் குழு அமைப்பாளர் என்ற முறையில், வாசலில் குப்பை போடுகிறவர்களைக் கண்டுபிடிக்கக் குழுவைக் கூட்டினார். உறுப்பினர்கள் ஒருமனதாக, இது வெளியாட்களின் வேலை என்று முடிவு செய்தார்கள். தலைவர் அந்த முடிவை முன்மொழிந்தாராம்.

"வெளியாளு மூணாவது மாடி ஏறி வந்து, நம்ம வாசல்ல மட்டும் ஏங்க வைக்கறான்?" என்றேன்.

அவர் யோசித்தார். "குழு முடிவு பண்ணிடுச்சு" என்றார்.

எந்திரம் இப்போது மொட்டைமாடியில், சங்கமே போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகையில் ஓடுகிறது. மூன்று பக்கெட்டுகளும் அங்கே போய்விட்டன. சேற்றுக்கட்டிகள் மட்டும் எங்கள் பரணில் இருக்கின்றன. அவற்றை எங்கே வைப்பது என்பது ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.

போன சனிக்கிழமை மத்தியானம் பாபியும் நானும் ஒரு லோடைத் திறந்து கழுவிக்கொண்டிருந்தோம். தண்ணீருக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து பாபி வெயிலில் பிடித்தார். நல்ல தேன் நிறம், உள்ளே ஒரு சின்னக் காற்றுக் குமிழ்.

"டீச்சர், இது அந்தச் சதுர பாட்டில்ல?"

சதுர பாட்டில் எங்கள் இருவருக்கும் தெரியும். அதைச் சுற்றியிருந்தது மரம் நடும் விழா அழைப்பிதழ். அதில் தலைமை என்று அச்சடித்திருந்த பெயரை நாங்கள் இருவருமே படித்துவிட்டு, படிக்காததுபோல மடித்து வைத்திருந்தோம்.

அப்போது படியேறி வந்தவர் தலைவரின் மனைவி. இளைய மகனுக்குப் பெண் பார்க்கிறார்களாம், தடங்கலாகவே இருக்கிறதாம், ஜோசியர் தேன் நிறத்தில் ஒன்று சொன்னாராம். தட்டிலிருந்த அத்தனையையும் புரட்டினார். எதுவும் பிடிக்கவில்லை. பாபி கையில் இருந்ததைப் பார்த்தார்.

"அதைக் காட்டுங்க."

பாபி கொடுத்தார். அவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்.

"இதைத் தொட்டதும் மனசுக்கு என்னமோ நம்ம வீட்டுப் பொருள் மாதிரி இருக்கு டீச்சர்" என்றார்.

பாபி குனிந்து பக்கெட்டில் கையை விட்டு, ஏற்கெனவே கழுவிய ரப்பர் துண்டுகளைத் திரும்பக் கழுவ ஆரம்பித்தார். அவர் தோள் குலுங்கியது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எடுத்துக்கங்க மேடம்" என்றேன்.